பீப்பாய் வாசனை

சிவாவா என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் கைப்பைக்குள் அடங்கும் அந்தக் குட்டி நாய்தான் ஞாபகம் வரும். மெக்சிகோவின் வடக்கில் அதே பெயரில் ஒரு மாநிலம் இருக்கிறது. பரப்பில் அந்த நாட்டிலேயே பெரிய மாநிலம். அதன் தலைநகருக்கும் அதே பெயர். அங்கே கார் வயரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். 2022 ஜூனில் தென்காசியிலிருந்து கிளம்பியபோது பெட்டியில் நான்கு கிலோ மசாலாப் பொடி, ஒரு குக்கர், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் அப்பாவின் காக்கிச் சட்டை ஒன்று. மசாலாப் பொடியும் சட்டையும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் எந்த வாசனையும் தெரியாது.

2021 மே மாதம் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் கொரோனா. அம்மாவுக்குக் காய்ச்சலோடு போயிற்று. எனக்கு வாசனை போயிற்று. அப்பா போய்விட்டார். ஒரே வாரத்துக்குள் எல்லாம். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். தோல் பை, சில்லறை, வியர்வை, அதற்கு மேல் கோகுல் சாண்டல் பவுடர். இந்த நான்கும் சேர்ந்ததுதான் அப்பாவின் வாசனை என்று இப்போது பட்டியல் போட முடிகிறது. ஆனால் பட்டியல் வாசனை ஆகாது. மூக்கு செத்துப்போனால் ஞாபகத்தில் இருக்கும் வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தையாக மாறிவிடுகிறது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கவரைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும், அப்போது அதைப் பிடிக்க எனக்கு மூக்கு இருக்காது. அதனால் திறக்கவே இல்லை.

நாக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கும் தெரிந்தன. காரம் என்பது சுவையே இல்லை, அது வலி. துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு, நாக்கு வறண்டு இழுத்துப் பிடிப்பது. இவை இரண்டும்கூட எனக்குத் தெரிந்தன. நம் ஆட்கள் சொல்லும் அறுசுவையும் என்னிடம் இருந்தது. சாப்பாடுதான் இல்லை. ரசம் என்பது புளித்த, உறைக்கிற வெந்நீர். காபி என்பது கசக்கிற பால்.

என்னோடு வேலை பார்க்கும் தோழிதான் அந்த வருஷம் நவம்பரில் தன் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நகரத்துக்கு வடகிழக்கே அல்தாமா என்ற சிற்றூரைத் தாண்டி, கல்லும் முள்ளுமான நிலம். அந்தப் பக்கம் கோயாமே டெல் சோட்டோல் என்று ஒரு ஊரே உண்டு. ஊர்ப் பேரிலேயே சாராயத்தின் பேர். "எங்க தாத்தா சோட்டோல் காய்ச்சுவார், வந்து பாரு" என்றாள். எனக்கு மூக்கு கிடையாது என்று அவளுக்குத் தெரியும். "நெருப்பு தெரியும்ல, அது போதும்" என்றாள்.

சோட்டோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெக்கிலாவும் மெஸ்காலும் ஆனைக்கற்றாழை இனத்திலிருந்து வருகிறவை. நம் ஊரில் தண்டவாளத்து ஓரமாக ரயில் கற்றாழை என்று நிற்கிறதே, அந்த இனம். பார்க்கவும் குடிக்கவும் சோட்டோல் அவற்றின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் செடி வேறு. அதன் பெயர் டாஸிலிரியான். ஒரு காலத்தில் தாவரவியலாளர்கள் அதையும் கற்றாழைக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். இப்போது இரண்டையுமே தண்ணீர்விட்டான் கிழங்கின் பெரிய குடும்பத்துக்குள், வேறு வேறு கிளைகளில் வைத்திருக்கிறார்கள். கற்றாழை ஒரே ஒரு தடவை பூத்துச் செத்துவிடும். டாஸிலிரியான் பல தடவை பூக்கும், சாகாது. ஆண் செடி தனி, பெண் செடி தனி. இலை ஒல்லியாக, ஓரமெல்லாம் தாழை மடல் மாதிரி முள்ளோடு இருக்கும். அடிப்பகுதி கரண்டி போல அகன்றிருக்கும். அறுவடைக்கு வரப் பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகும். பெரும்பாலும் யாரும் நட்டு வளர்ப்பதில்லை, காட்டிலிருந்துதான் வெட்டி வருகிறார்கள். ஒரு செடிக்கு ஏறக்குறைய ஒரு பாட்டில்.

தாத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் "மிஹா" என்றார். 'என் மகளே' என்பதன் சுருக்கம். கடைக்காரர், பஸ் டிரைவர் எல்லோருமே அங்கே சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் 'ஏம்மா' என்பது மாதிரி. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

குழி ஒன்று காட்டினார். ஆள் உயரத்துக்கு வெட்டிய குழி. உள்ளே விறகைப் போட்டு, அதன்மேல் எரிமலைக் கல்லை அடுக்கி, கல் பழுத்ததும் இலை நீக்கிய தலைகளைப் போட்டு, மண்ணால் மூடிச் சில நாள் வேக விட வேண்டும். வெந்ததைக் கோடாரியால் கொத்தி, மரத்தொட்டியில் தண்ணீரோடு ஊறப் போட வேண்டும். அப்புறம் செம்பு வாலையில் இரண்டு தடவை வடிக்க வேண்டும். எனக்கு அந்த நிமிஷம் தோன்றிய சொல் 'ஊறல்'. போலீஸ் ஊறலை அழித்தது என்று தினத்தந்தியில் படித்தது. தோழியிடம் சொன்னபோது அவள் தாத்தாவுக்கு மொழிபெயர்த்தாள். தாத்தா சிரித்துவிட்டு, தன் அப்பா காலத்தில் இங்கேயும் அதே கதைதான் என்றார். போலீஸ் வருகிறது என்றால் வாலையைக் கழற்றி ஓடையில் புதைத்துவிடுவார்களாம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரை சோட்டோல் ஆற்றைத் தாண்டி டெக்சாஸுக்குக் கடத்தப்பட்டது. அதன்பின்பும் ரொம்ப காலம் அது ஏழைகளின் சரக்காக, மட்டமான சரக்காகத்தான் பார்க்கப்பட்டது. 2002-இல்தான் சிவாவா, கோவாவிலா, துராங்கோ மூன்று மாநிலங்களுக்கும் உரிய பொருள் என்று மெக்சிகோ அதற்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. நம் திண்டுக்கல் பூட்டுக்குக் கொடுத்த மாதிரி. செடிக்கு எல்லை தெரியாது, டெக்சாஸிலும் வளர்கிறது. அங்கேயும் காய்ச்சி சோட்டோல் என்றே விற்க, இங்கே அதன்மேல் தீராத கோபம்.

மேஜையில் இரண்டு பாட்டில் வைத்தார். ஒன்று தண்ணீர் மாதிரி. இன்னொன்று தேன் நிறம். ஒன்றரை வருஷம் ஓக் பீப்பாயில் இருந்தது. சட்டப்படி இரண்டு மாதம் மரத்தில் இருந்தால் அதற்கு ரெப்போசாடோ என்று பேர், 'இளைப்பாறியது'. ஒரு வருஷம் இருந்தால் அன்யெஹோ, 'வயதானது'. தாத்தாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பீப்பாயில் வைப்பது அவர்கள் வழக்கமே இல்லை. நகரத்து ஆட்கள் விஸ்கி நிறத்தில் கேட்கிறார்கள், அதனால் ஒரு சின்னப் பீப்பாய் வைத்திருக்கிறேன் என்றார். "பதினஞ்சு வருஷம் வெயில்ல நின்ன செடி. அதுக்கு மேல மரம் என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போகுது? மரந்தான் வேணும்னா கதவ நக்கிக்கலாமே." தோழி இதை மொழிபெயர்ப்பதற்குள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

முதலில் வெள்ளையைக் குடித்தேன். நெருப்பு. அதன் பின்னால் ஒரு மெல்லிய இனிப்பு. அவ்வளவுதான். தாத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணு, மழை பெஞ்ச மண்ணு, தெரியலையா மிஹா?" தெரியவில்லை.

பிறகு தேன் நிறத்தை எடுத்தேன். நெருப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. நாக்கில் வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி ஒரு இழுப்பு. பீப்பாய் மரத்தின் டானின் அது, தொடு உணர்வு, எனக்கும் தெரியும். "வெனிலா, தோல், புகையிலை" என்று தோழி சொல்லிக்கொண்டே போனாள். தோல் என்ற சொல் காதில் விழுந்த அதே நொடியில் எனக்கு வாசனை வந்தது. சத்தியமாக வந்தது. அப்பாவின் பை. மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி வீட்டில் சில்லறை எண்ணும்போது வருமே, அது. கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஒன்றரை வருஷம் கழித்து முதல் வாசனை.

தோழி பின்னாலேயே வந்தாள். அழுது முடிக்கும்வரை நின்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "இது மூக்கா, நெனப்பா? செக் பண்ணிருவோமா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சம்பளம் வாங்குவதே அந்தக் கேள்விக்குத்தான். உணவுத் தொழிற்சாலைகளில் முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று கிண்ணம் வைப்பார்கள். இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு. இரண்டு பாட்டிலும் ஒரே வீரியத்துக்குத் தண்ணீர் கலந்து வைத்தவை, அதனால் மூக்கில் ஏறும் எரிச்சலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வீரியத்தை அளக்கத் தாத்தாவிடம் கருவி கிடையாது. மாட்டுக் கொம்பிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி, மேலே வரும் குமிழ்கள் முத்து முத்தாக எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்ப்பார். தோழி என் கண்ணைத் துண்டால் கட்டினாள். குடிக்கக் கூடாது, முகர மட்டும். ஆறு சுற்று.

ஆறில் இரண்டு சரி. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலும் அதுதான் வரும்.

எங்கள் பாஷையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வித்தியாசம் கண்டறியப்படவில்லை. எனக்கு வந்தது மூக்கிலிருந்து வரவில்லை, தேன் நிறத்திலிருந்தும் தோல் என்ற சொல்லிலிருந்தும் வந்தது. பிரான்ஸில் போர்தோ பல்கலைக்கழகத்தில் 54 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள், 2001-இல் வெளிவந்தது. வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். ஒயின் படிக்கிற மாணவர்கள் அவர்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளை அதற்குச் சொன்னார்கள். மூக்கு உள்ளவர்கள் நிலைமையே அதுதான் என்றால் என்னை என்ன சொல்வது. திரும்பும் வழி முழுக்க நான் பேசவில்லை. "சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் தோழி. "இல்ல, சொன்னது நல்லது" என்றேன். பாதிதான் உண்மை.

ஆனால் அன்றிரவே வேறு ஒரு வேலை ஆரம்பித்தேன். மூக்குக்குப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் சில நொடி முகர வேண்டும், வாரக்கணக்கில். கொரோனா வாசனை நரம்புகளை நேரடியாகக் கொல்வதைவிட, அவற்றுக்குத் துணை நிற்கும் செல்களைத்தான் தாக்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வாசனை நரம்புச் செல்கள் உடம்பில் புதிதாக முளைக்கக் கூடியவையும்கூட. இதை முன்பே ஊரில் டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாள் செய்துவிட்டு விட்டிருந்தேன். ஒன்றும் தெரியாத டப்பாவைத் தினம் இரண்டு வேளை முகர்வது எவ்வளவு அவமானம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். சாமி இல்லாத கோயிலில் பூசை மாதிரி.

இந்தத் தடவை விடவில்லை. அந்த ஆறில் இரண்டு ஒரு எண்ணாக என் நோட்டில் இருந்தது. எண் இருந்தால் அதை மாற்றப் பார்க்கலாம். ஹார்லிக்ஸ் பாட்டில் நான்கு. தேதி போட்டுக் குறிப்பு. ஜனவரியில் யூகலிப்டஸ் மூக்கில் குளிர்ந்தது, அது வாசனையில்லை, நரம்புக் கூச்சம். மார்ச்சில் எலுமிச்சை ரப்பர் எரிகிற மாதிரி நாறியது. சந்தோஷமாக இருந்தது, நாற்றமாவது வந்ததே. மே மாதம், அப்பாவின் இரண்டாவது திதி கழிந்த வாரம், கிராம்பு. ஒரு நொடி வந்து போயிற்று. பல் டாக்டர் அறை. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், நான்கு நாள்.

2023 அக்டோபரில் மறுபடி தாத்தா வீட்டுக்குப் போனோம். பதினோரு மாதம். அதே பீப்பாயிலிருந்துதான் எடுத்து வந்தார், ஆனால் அளவு குறைந்திருந்தது. பீப்பாய் மூச்சு விடும். மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தில் அதற்குத் தேவதைகளின் பங்கு என்று பேர். ஈரமான அந்த ஊரில் சாராயம் முதலில் போகும், வீரியம் குறையும். காய்ந்த காற்றுள்ள பாலைவனத்தில் தண்ணீர் முதலில் போகும், மிச்சமிருப்பது உறைப்பாகும். தாத்தா தண்ணீர் சேர்த்துக் கொம்பில் ஊற்றி முத்து பார்த்து இரண்டையும் சமமாக்கினார். யாரும் சொல்லாமலேயே தோழி துண்டை எடுத்தாள்.

முதல் சுற்று தப்பு. அடுத்த ஐந்தும் சரி.

சும்மா அடித்துவிட்டு ஆறில் ஐந்தோ அதற்கு மேலோ வருவதற்கு வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. துண்டை அவிழ்க்காமலேயே மனசுக்குள் கணக்கு போட்டுவிட்டேன். "எப்படிக் கண்டுபிடிச்ச? தோல் வாசனையா?" என்றாள் தோழி. இல்லை. தோலும் இல்லை, வெனிலாவும் இல்லை. கிராம்பு. பீப்பாய்ச் சரக்கில் மெல்லிசாகக் கிராம்பு இருந்தது.

இதுவும் நெனப்பாக இருக்குமோ என்று அறைக்குத் திரும்பியதும் தேடினேன். இல்லை. பீப்பாய்ப் பலகைகளை நெருப்பில் காட்டித்தான் வளைப்பார்கள். அந்தச் சூட்டில் ஓக் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் வரும், அதுதான் வெனிலா. மரத்தின் சர்க்கரைகள் கருகிக் கேரமல் வாசனை வரும். தேங்காய் மாதிரி மணக்கிற ஒரு லாக்டோன் உண்டு. கூடவே யூஜெனால். கிராம்புக்கு வாசனை கொடுப்பது எதுவோ அதே மூலக்கூறு. காலையும் மாலையும் ஒரு வருஷமாக நான் முகர்ந்து பழகிய அதே பொருள், யாரோ எங்கேயோ வெட்டிய ஓக் மரத்திலிருந்து இறங்கி அந்தச் சாராயத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

ஆனால் யோசித்தால் அது செடியின் வாசனை இல்லை. தாத்தா சொன்னது சரி. நான் கண்டுபிடித்தது மரத்தை. வெள்ளையை மறுபடி எடுத்து முகர்ந்தேன். மண் வரவில்லை. ஏதோ பச்சையாக, அறுத்த புல் மாதிரி ஒன்று, இருந்தும் இல்லாமல். "அவசரமில்ல மிஹா. செடிக்கே பதினஞ்சு வருஷம் ஆகுது" என்றார் தாத்தா.

அன்றிரவு அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கவரைக் கையில் எடுத்தபோதே தெரியும், நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் என்று. ஆறில் ஐந்து கையில் இருக்கும்போது திறக்காவிட்டால் பிறகு எப்போதும் திறக்க மாட்டேன். ஜிப்பை இழுத்து மூக்கை உள்ளே வைத்தேன்.

பிளாஸ்டிக். நன்றாகத் தெரிந்தது. புதுப் பள்ளிக்கூடப் பை, புது மழைக்கோட்டு, அந்த வாசனை. எனக்கு இவ்வளவு தெளிவாக வேறு எந்த வாசனையும் அந்த வருஷம் வந்ததில்லை. ஒன்றரை வருஷம் பீப்பாயில் இருந்தால் பீப்பாய் வாசனைதானே வரும். அதற்கு அடியில் வேறு ஏதாவது இருந்ததா என்று காலர், கைமடிப்பு, அக்குள் எல்லாம் முகர்ந்தேன். சாண்டல் மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது. தோல் மாதிரியும் இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறு சுற்று வைத்துப் பார்க்க என்னிடம் இன்னொரு சட்டை இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை பத்து மணி. கதையெல்லாம் சொன்னேன். சாராயம் என்பதை மட்டும் 'ஒரு மருந்து' என்று மாற்றிக்கொண்டேன். பாம்பைப் போட்டு ஊற வைத்த சோட்டோலை மூட்டுவலிக்கு மருந்தாகக் குடிக்கிறவர்கள் அங்கே உண்டு, அதனால் முழுப் பொய் இல்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏட்டி, அந்தச் சட்டையயா இத்தன நாளா மூடி வச்சிருந்த?"

"ஆமா."

"அத நான் தொவச்சில்லா குடுத்தேன். அந்த மாசம் வீட்டுல இருந்த துணி பூராத்தையும் டெட்டால் போட்டு, வெந்நீர்ல அவிச்சுத் தொவச்சேன். கொரோனா துணின்னு பயம். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கு மூக்கு இல்லையே.

அம்மா அழ ஆரம்பித்தாள். "ஒண்ண மட்டுமாவது தொவைக்காம வச்சிருக்கலாம்ட்டி, எனக்கு அப்பம் தோணல" என்றாள். ரெண்டு வருஷமாக அவளுக்கும் அது உள்ளே கிடந்திருக்கிறது போல. நான் "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பாவின் வாசனையை அவளிடம் கேட்டேன். அவள் மூக்கில் எதுவும் போகவில்லையே. தோல் பை, சில்லறை, பவுடர் என்று நான் ஆரம்பித்தேன். அவள் இடைமறித்தாள். "வெத்தல. நீ வெத்தலய விட்டுட்ட. டிரிப் முடிஞ்சு வாரப்ப ஒரு வெத்தல போடுவாருல்ல, சாயங்காலம் மட்டும். அதுல ஒரு கிராம்பு வைப்பாரு."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. அம்மா சொன்னதால்தான் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. சட்டையை ஹேங்கரில் மாட்டவில்லை, போட்டுக்கொண்டேன். தோளில் பெரிதாக இருந்தது. சமையல் முடிந்து சாயங்காலம் கழற்றியபோது அதில் தாளித்த கடுகு வாசனை வந்தது என்று நினைக்கிறேன்.